குடும்பத்தோடு காரில் நெடும்பயணம்: முதல் முறை கிளம்புபவர்களுக்கு

முதல் முறை குடும்பத்தோடு காரில் நெடுந்தூரம் கிளம்புபவர்கள் செய்யும் பெரிய தப்பு, மேப் காட்டும் நேரத்தை அப்படியே நம்பி நாளைத் திட்டமிடுவது. மேப்பில் 6 மணி நேரம் என்றால், யாருக்கும் பசிக்காமல், யாரும் வாந்தி எடுக்காமல், கழிவறைக்கோ பெட்ரோலுக்கோ நிறுத்தாமல் ஓடினால் ஆகும் நேரம் அது. வழியில் வரும் சண்டை, இருட்டிய பிறகு தெரியாத ஊரில் தங்குமிடம் தேடி அலைவது, பார்க்க வந்த இடத்தை வாசலோடு பார்த்துவிட்டுத் திரும்புவது எல்லாம் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் தொடங்குகின்றன.

நாள் கணக்கு

மேப் காட்டும் நேரத்தை 1.3 ஆல் பெருக்குங்கள். 6 மணி நேரம் ஏறக்குறைய 8 ஆகும். மலைப்பாதையோ குறுகலான இருவழிச் சாலையோ அதிகம் என்றால் 1.5. இப்படிப் பெருக்கி வரும் நேரம் ஒரு நாளைக்கு 6 அல்லது 7 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. கைக்குழந்தையோ மூட்டு வலி உள்ள முதியவரோ கூட வந்தால் 5 மணி நேரம் போதும். காரில் யாருக்குத் தாங்கும் சக்தி மிகக் குறைவோ, அவருடைய கணக்கே வண்டிக்கும் கணக்கு.

முதல் நாள் ஓட்டம் இருப்பதிலேயே குறைவாக இருக்கட்டும். கிளம்பும் அன்று ஒரு மணி நேரமாவது தாமதமாகும், அது எந்த வீட்டுக்கும் விதிவிலக்கில்லை. இரண்டு நாள் தொடர்ந்து ஓட்டினால் மூன்றாம் நாள் சாவியைத் தொடாதீர்கள். அன்றைய தங்குமிடத்துக்குச் சூரியன் மறைய ஒரு மணி நேரம் முன்பே போய்ச் சேரும்படி வையுங்கள். பார்க்கிங் எங்கே, சாப்பாடு எங்கே, எந்தச் சந்தில் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் வெளிச்சத்தில் ஐந்து நிமிட வேலை.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை 15, 20 நிமிடம் நிறுத்துங்கள். கைக்குழந்தைக்கு இது கட்டாயம். குழந்தை இருக்கையில் உடல் சற்று மடங்கியே கிடக்கும், தலை முன்னால் சாய்ந்தால் மூச்சுப்பாதை நெருங்கும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து அதில் வைக்கக் கூடாது என்று சொல்வது அதனால்தான். நிறுத்தும் இடங்களை முந்தைய இரவே மேப்பில் குறித்துவிடுங்கள். "அடுத்து வரும் இடத்தில் பார்க்கலாம்" என்று போனால், அடுத்த இடம் எதிர்ச் சாரியில்தான் இருக்கும்.

பார்க்கும் இடங்களைப் பொறுத்தவரை, ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பயணத்துக்கு முன் வீட்டில் உள்ள ஒவ்வொருவரும், ஐந்து வயதுக் குழந்தை உட்பட, தனக்கென்று ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். அந்தக் குழந்தை கேட்டது ஒரு ரயில் பாலமாகவோ ஊஞ்சல் பூங்காவாகவோ இருக்கலாம், அதுவும் பட்டியலில் ஏற வேண்டும். நேரம் போதாமல் எதையாவது வெட்ட நேர்ந்தால், திட்டம் போட்டவர் தன்னுடையதை முதலில் வெட்டட்டும்.

வண்டி: ஒரு வாரம் முன்பே

கிளம்பும் முந்தைய நாள் சர்வீஸ் விடுவது பயனற்றது. பாகம் கிடைக்காவிட்டால் நேரம் இருக்காது, மாட்டியதில் ஏதாவது கோளாறு இருந்தால் அது நெடுஞ்சாலையில்தான் தெரியவரும். ஒரு வாரம் முன்பே பார்த்துவிட்டு, பிறகு ஊருக்குள் நாலு நாள் ஓட்டிப் பாருங்கள்.

எல்லாவற்றையும் விட டயர் முக்கியம். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், சில வண்டிகளில் பெட்ரோல் மூடியின் உட்புறம் இருக்கும். அதில் காற்றழுத்தம் இரண்டு விதமாகப் போட்டிருப்பார்கள்: குறைந்த ஆட்களுக்கு ஒன்று, முழுச் சுமைக்கு ஒன்று. நெடும்பயணத்துக்கு இரண்டாவது. சுமை ஏற்றிக் காற்று குறைவாக ஓட்டினால் டயரின் பக்கச் சுவர் நெளிந்து நெளிந்து சூடேறும், வெயில் நாளில் வேகச் சாலையில் டயர் வெடிப்பதற்கு இது முக்கியக் காரணம். அழுத்தத்தை டயர் ஆறியிருக்கும்போதுதான் அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் சில பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டுவது இயல்பு, அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கினால் ஆறிய பிறகு குறைந்துபோகும்.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் டிஓடி (DOT) என்று தொடங்கும் எழுத்து வரிசையின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. பட்டன் (தரையைத் தொடும் மேடுபள்ளம்) நன்றாக இருந்தாலும் 10 வருடம் ஆன டயரில் போகாதீர்கள். பட்டனின் ஆழத்துக்குப் பல நாடுகளில் சட்டப்படி குறைந்தபட்சம் 1.6 மில்லிமீட்டர், ஆனால் மழைச் சாலைக்கு 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனாலே மாற்றிவிடுவது நல்லது.

அடுத்து ஸ்டெப்னி. அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்! புதிய வண்டிகள் பலவற்றில் ஸ்டெப்னிக்குப் பதில் பஞ்சர் பசையும் சிறு காற்றடிப்பானும்தான் தருகிறார்கள். ஆணி குத்தினால் அது போதும், பக்கச் சுவர் கிழிந்தால் உதவாது. ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி என்றால் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக் கூடாது என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். வீலில் திருட்டுத் தடுப்பு நட் இருந்தால் அதற்கென்று தனியாக ஒரு சாவி உண்டு. அது டிக்கியில் கிடக்கிறதா என்று பாருங்கள், அது இல்லாமல் மெக்கானிக் வந்தாலும் வீலைச் சுலபத்தில் கழற்ற முடியாது.

வீல் மாற்றுவதை வீட்டு வாசலில் ஒரு தடவை செய்து பழகுங்கள். சமதரை, ஹேண்ட்பிரேக், முதல் கியர் (ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கிங்). வீல் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டு, அப்புறம் ஜாக் போட வேண்டும். தூக்கிய பிறகு தளர்த்தப் பார்த்தால் சக்கரம் கூடவே சுற்றும், வண்டி ஜாக்கிலிருந்து வழுக்கவும் கூடும். மாட்டும்போது நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்குங்கள். 50 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி மறுபடி ஒரு முறை முடுக்கிப் பாருங்கள்.

இன்ஜின் ஆயில், கூலன்ட், பிரேக், வைப்பர் பிளேடு, பேட்டரி எல்லாம் வழக்கமான பட்டியல்தான், மெக்கானிக்கே பார்ப்பார். நான்கு வருடம் தாண்டிய பேட்டரி என்றால் சோதித்துவிடச் சொல்லுங்கள்.

சாமான் ஏற்றுவது

வண்டி எவ்வளவு எடை தாங்கும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. சாதாரண ஐந்து இருக்கைக் காரில் ஆட்களும் சாமானும் சேர்ந்து பெரும்பாலும் 400 முதல் 500 கிலோ. ஐந்து பெரியவர்கள் ஏறினாலே 350 கிலோ போய்விடும். மிச்சத்தில்தான் பெட்டிகள். மேலே கேரியர் வைத்தால் அதன் எல்லை தனி, பல கார்களில் 50 முதல் 75 கிலோவுக்குள்தான், கேரியரின் எடையும் அதில் சேர்த்தி. மேலே இலேசான துணிமணிகளை மட்டும் போடுங்கள். வளைவில் வண்டி சாயும் விதமே மாறும், மைலேஜும் குறையும்.

கனமான பெட்டி டிக்கியின் அடியில், பின் சீட்டின் முதுகோடு ஒட்டி இருக்க வேண்டும். பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள பலகையில் தண்ணீர் பாட்டில், டேப்லெட், குடை எதையும் வைக்காதீர்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் கட்டாத பொருள் தன் எடையைப் போல் 20, 30 மடங்கு விசையோடு முன்னால் வரும். ஒரு லிட்டர் பாட்டில், பின்னந்தலையில்.

இன்னொன்று, எல்லோரும் மறப்பது: இரவு தங்கலுக்கு ஒரே ஒரு சிறு பையைத் தனியாகக் கட்டுங்கள். ஆளுக்கு ஒரு மாற்றுத் துணி, பல் துலக்கும் சாமான், மருந்து, சார்ஜர். கடைசியாக ஏற்றி முதலில் இறக்க வேண்டியது இது. இதில்லாவிட்டால் ஒரு ராத்திரிக்காக டிக்கி முழுவதையும் இறக்குவீர்கள். தண்ணீர், டிஷ்யூ, குப்பைப் பை, வாந்திப் பை, ஒரு துண்டு ஆகியவை டிக்கியில் போகக் கூடாது, முன் சீட்டில் இருப்பவர் கைக்கு எட்ட வேண்டும்.

குழந்தைகளும் வாந்தியும்

ஏர்பேக் வேலை செய்யும் முன் சீட்டில் பின்னோக்கிய குழந்தை இருக்கையை எந்தச் சூழ்நிலையிலும் பொருத்தக் கூடாது. ஏர்பேக் விரியும் வேகம் குழந்தையைக் கொல்லக்கூடியது. குழந்தையை மடியில் வைத்துக்கொள்வதும் பாதுகாப்பில்லை, மோதலில் எந்தத் தாயாலும் பிடிக்க முடியாத விசை அது. பின்னோக்கிய நிலையில், இருக்கையின் அளவு அனுமதிக்கும்வரை வைத்திருங்கள். பெரிய குழந்தைகளுக்கு பூஸ்டர் (உட்காரும் உயரத்தைக் கூட்டும் இருக்கை). சீட் பெல்ட் கழுத்தில் உரசாமல் தோள் நடுவிலும், வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பின் மேலும் படிய வேண்டும். அப்படிப் படியாத வரை பூஸ்டர் தேவை.

காரில் வாந்தி வருவது பெரும்பாலும் 2 முதல் 12 வயதுக்குள். உள்காது "நகர்கிறோம்" என்று சொல்கிறது, புத்தகத்தையோ திரையையோ பார்க்கும் கண் "நகரவில்லை" என்று சொல்கிறது, இந்த முரண்பாடுதான் வயிற்றைக் கலக்குகிறது. பிள்ளையைத் தூரத்து அடிவானம் தெரியும்படி உட்கார வையுங்கள். வளைவுப் பாதையில் போனும் டேப்லெட்டும் வேண்டாம், பாட்டும் கதையும் காதில் கேட்கட்டும். வெறும் வயிறும் ஆகாது, எண்ணெய்ப் பண்டம் நிரம்பிய வயிறும் ஆகாது. முகம் வெளுத்து, கொட்டாவி விட்டு, திடீரென்று பேச்சை நிறுத்தினால் உங்களுக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் இருக்கிறது. மருத்துவர் சொன்ன மாத்திரை இருந்தால் கிளம்பும் முன்பே கொடுக்க வேண்டும், குமட்டல் தொடங்கிய பிறகு பலன் குறைவு. இந்த மாத்திரைகள் பலவும் தூக்கத்தை வரவழைப்பவை, ஓட்டுபவர் தொடக் கூடாது.

நிறுத்திய காரில் "ஐந்து நிமிடம்தானே" என்று குழந்தையை விட்டுப் போகாதீர்கள். மூடிய கார் வெயிலில் 10 நிமிடத்தில் 10 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய வித்தியாசம் இல்லை.

ஓட்டுபவர்

நூறு கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 28 மீட்டர் போகிறது. நாலு நொடி கண் சொருகினால் நூறு மீட்டருக்கு மேல் யாரும் ஓட்டாத வண்டி. விடிகாலை 2 முதல் 6 மணியும், மதியம் 2 முதல் 4 மணியும் உடம்பு தானாகவே தூக்கத்துக்கு இறங்கும் நேரங்கள். "ராத்திரி ரோடு காலியாக இருக்கும், குழந்தைகளும் தூங்கிவிடுவார்கள்" என்று நள்ளிரவில் கிளம்பும் பழக்கத்தை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. தூங்காமல் இருக்க வேண்டியவரும் அதே காரில்தான் இருக்கிறார்.

தூக்கம் வந்தால் பாட்டை உரக்க வைப்பதும் கண்ணாடியை இறக்குவதும் சில நிமிடத்துக்குத்தான். உதவுவது இது: பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ஒரு காபி குடித்து, உடனே 15, 20 நிமிடம் தூங்குங்கள். காபி வேலை செய்யத் தொடங்க ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும், எழும்போது இரண்டும் சேரும். கண்ணாடி முழுக்க மூடி, ஏசியை உள்காற்றுச் சுழற்சியிலேயே மணிக்கணக்கில் வைத்திருந்தால் நாலைந்து பேர் விடும் மூச்சிலேயே மந்தம் தட்டும். அவ்வப்போது வெளிக்காற்று முறைக்கு மாற்றுங்கள்.

மலை, மழை, பழுது

மலை இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் ஏறத்தாழ அதே கியர் என்பது பழைய விதி, இன்றும் சரி. ஆட்டோமேட்டிக்கில் எல், 2, அல்லது கையால் மாற்றும் நிலை இருக்கும், ஹைபிரிட் வண்டிகள் சிலவற்றில் B என்று ஒன்று உண்டு. பிரேக்கைத் தொடர்ந்து தேய்க்காமல், ஒரு முறை உறுதியாக அழுத்தி வேகம் குறைத்து விடுங்கள். கருகிய வாடை வந்தாலோ பிரேக் மிதி பஞ்சு போல இறங்கினாலோ ஓரங்கட்டி அரை மணி நேரமாவது ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் நெளிந்துவிடும்.

மழையில் குரூஸ் கன்ட்ரோல் (வேகத்தைத் தானாகவே ஒரே அளவில் வைக்கும் வசதி) வேண்டாம். ஸ்டீயரிங் திடீரென்று இலேசாகி வண்டி மிதப்பது போல் தோன்றினால் ஆக்சிலரேட்டரை மெல்ல விடுங்கள், பிரேக்கைத் தொடாதீர்கள், ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள். சாலையில் வெள்ளம் ஓடினால் திரும்பிப் போவதே வழி. 30 சென்டிமீட்டர் ஓடும் தண்ணீரே சிறு காரை இழுத்துப்போகப் போதுமானது.

வேகச் சாலையில் வண்டி நின்றுவிட்டால் எல்லோரும் போக்குவரத்து இல்லாத பக்கக் கதவு வழியாக இறங்கி, தடுப்புக் கம்பிக்கு அப்பால் போய் நிற்க வேண்டும். உதவிக்குப் போன் செய்வதெல்லாம் அதற்குப் பிறகு.

வெளிநாட்டில் ஓட்டுவது

முதலில் ஆவணம். சர்வதேச ஓட்டுநர் அனுமதியை உங்கள் உரிமம் எந்த நாட்டில் வழங்கப்பட்டதோ அங்கேயே, கிளம்பும் முன் வாங்க வேண்டும். அது உங்கள் உரிமத்தின் மொழிபெயர்ப்புதான், அசல் உரிமம் கையில் இல்லாவிட்டால் செல்லாது. இதில் 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி ஒரு வகையும் (ஒரு வருடம் செல்லும்), 1968 வியன்னா ஒப்பந்தப்படி இன்னொரு வகையும் (அதிகபட்சம் மூன்று வருடம்) உண்டு. எல்லா நாடும் இரண்டையும் ஏற்பதில்லை. ஜப்பான் ஏற்பது 1949 வகையை மட்டும்.

வாடகைக் காரை முன்பதிவு செய்யும்போது ஆட்டோமேட்டிக் வேண்டுமா என்பதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். ஐரோப்பாவில் பல இடங்களில் கேட்காவிட்டால் கியர் வண்டிதான் வரும். "ஐந்து பேர் கார்" என்பதில் ஐந்து பேரின் பெட்டிகள் ஏறாது. ஓட்டப்போகும் இரண்டாவது ஆளின் பெயரையும் ஒப்பந்தத்தில் சேருங்கள், பெயர் இல்லாதவர் ஓட்டி மோதினால் காப்பீடு கைவிட்டுவிடும். முன்பணம் பிடிப்பதற்குப் பெரும்பாலும் முதன்மை ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். நாட்டு எல்லையைத் தாண்டப்போகிறீர்கள் என்றால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அடிப்படைக் காப்பீட்டில் டயர், கண்ணாடி, அடிப்பாகம், கூரை ஆகியவை பெரும்பாலும் சேராது என்பதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். ஐஸ்லாந்தில் காற்று கார்க் கதவை முறுக்கி ஒடிப்பது அடிக்கடி நடப்பது, அங்கே காற்றை எதிர்நோக்கி நிறுத்தி, கதவை இரண்டு கையாலும் பிடித்துத் திறக்க வேண்டும்.

வண்டியை எடுக்கும்போது நின்று நிதானமாக ஒரு வீடியோ எடுங்கள். நான்கு பக்கமும், நான்கு வீல் ரிம்மும், கண்ணாடியும், கூரையும், டிக்கியின் உள்ளும், கடைசியில் பெட்ரோல் அளவும் ஓடிய கிலோமீட்டரும். திருப்பிக் கொடுக்கும்போது அதேபோல் இன்னொன்று. ரிம் கீறலுக்குத்தான் தகராறு அதிகம்.

இரவு முழுக்க விமானத்தில் வந்த அன்று ஓட்டாதீர்கள். அதுவும் சாலையின் வேறு பக்கம் ஓட்டும் நாடு என்றால் கட்டாயம் வேண்டாம். இந்தியா, இலங்கை, பிரிட்டன், ஜப்பான், ஆஸ்திரேலியா, மலேசியா எல்லாம் இடப்பக்கம் ஓட்டுபவை, அமெரிக்காவும் ஐரோப்பாவின் பெரும்பகுதியும் வலப்பக்கம். பழகாத பக்கத்தில் தப்பு நடப்பது நெரிசலில் குறைவு, அங்கே முன்னால் போகும் வண்டி வழிகாட்டும். பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போது, விடிகாலைக் காலிச் சாலையில், பார்க்கிங்கிலிருந்து திரும்பும்போதுதான் பழைய பழக்கம் தலைதூக்கும். ஒரே விதி: ஓட்டுபவர் எப்போதும் சாலையின் நடுக்கோட்டை ஒட்டி உட்கார்ந்திருக்க வேண்டும், பக்கத்துச் சீட்டு சாலையோரத்தில். இண்டிகேட்டர் போடப்போய் வைப்பர் ஓடுவது சிரித்துவிட்டுப் போகக்கூடியது. ஆனால் புது ஓட்டுநர்கள் தங்களை அறியாமல் பக்கத்துச் சீட்டுப் பக்கமாக ஒதுங்கிப்போவார்கள், அந்தப் பக்க மிரரும் டயரும் அடி வாங்கும். முதல் இரண்டு நாள் பக்கத்தில் இருப்பவர் "கிட்டே போகிறது" என்று சொல்லிக்கொண்டே வரட்டும்.

பெட்ரோல் போடும்போது நாசிலின் நிறத்தை நம்பாதீர்கள். பிரிட்டனில் பச்சை பெட்ரோல், அமெரிக்காவில் பச்சை பெரும்பாலும் டீசல். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் ஒரே குறியீடு: வட்டத்துக்குள் எழுதியிருந்தால் பெட்ரோல், சதுரத்துக்குள் இருந்தால் டீசல். மாற்றிப் போட்டுவிட்டால் சாவியைத் திருப்பாதீர்கள். ஸ்டார்ட் செய்யாதவரை டேங்கைக் காலி செய்தால் போதும், செய்துவிட்டால் தவறான எரிபொருள் குழாய் முழுவதும் பரவிவிடும்.

சாலைக் கட்டணமும் தடை மண்டலமும் நாட்டுக்கு நாடு வேறு. ஸ்விட்சர்லாந்திலும் ஆஸ்திரியாவிலும் வேகச் சாலைக்குச் செல்ல விக்னெட் என்ற அனுமதி வேண்டும். இத்தாலியின் பழைய நகர மையங்களில் இசட்டிஎல் (ZTL) என்ற பலகை இருக்கும் எல்லைக்குள் அனுமதியில்லாத வண்டி போனால் கேமரா படமெடுத்துவிடும், ஒவ்வொரு நுழைவுக்கும் ஒரு அபராதம். மேப் அதற்குள்ளேயே வழிகாட்டக்கூடும், எனவே தங்குமிடம் அந்த எல்லைக்குள் இருக்கிறதா என்று முன்பே விசாரியுங்கள். அமெரிக்காவில் நடுத்தடுப்பு இல்லாத சாலையில் பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கு மின்ன நின்றால் எதிர்ப்பக்க வண்டியும் நிற்க வேண்டும். அவசர எண்ணைக் குழந்தைக்கும் சொல்லி வையுங்கள்: ஐரோப்பிய ஒன்றியத்தில் 112, அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, ஆஸ்திரேலியாவில் 000, ஜப்பானில் ஆம்புலன்ஸுக்கு 119.

பெற்றோரில் ஒருவர் மட்டும் குழந்தையோடு எல்லை தாண்டுவதாக இருந்தால், மற்றவரின் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் ஒன்று பாஸ்போர்ட்டோடு இருக்கட்டும். கேட்காமலும் விடுவார்கள், கேட்டால் அது இல்லாமல் நகர முடியாது.

ஞாபகத்தில் நிற்க

படம் ஆயிரம் எடுப்பதை விட, ராத்திரி படுக்கும் முன் ஆளுக்கு மூன்று வரி எழுதுவது பலன் தரும். எழுதத் தெரியாத குழந்தை வரையட்டும். அச்சடித்த வரைபடம் ஒன்றை எடுத்துப்போய், அன்றன்று வந்த பாதையை மார்க்கரால் குழந்தையையே தீட்டச் சொல்லுங்கள். "எப்போ வரும்" என்ற கேள்விக்கும் அதுவே பதில் சொல்லும். வாரம் ஒரு மதியமாவது எந்தத் திட்டமும் இல்லாமல் விடுங்கள். ஆற்றங்கரையில் கல் எறிந்துகொண்டு நின்ற அரை மணி நேரத்தைக் குழந்தைகள் வருடக்கணக்கில் பேசுவார்கள், வரிசையில் நின்று பார்த்த கோட்டை அவ்வளவாகப் பேச்சில் வராது.

திரும்பியதும்

டயர் அழுத்தத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள், மேல் கேரியரை இறக்கிவிடுங்கள். வண்டியை ஒரு முறை தூக்கிவைத்து டயரின் உட்பக்கம் வெட்டு, புடைப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வெளிநாட்டு வாடகை ஒப்பந்தம், இரண்டு வீடியோ, பெட்ரோல் ரசீது, கட்டண ரசீது எல்லாவற்றையும் ஒரு வருடமாவது அழிக்காதீர்கள். கேமரா அபராதம் சில மாதம் கழித்துத்தான் வாடகை நிறுவனத்தின் வழியாக வரும், நிறுவனம் தன் பங்குக்குக் கையாளும் கட்டணத்தைத் தனியாகக் கார்டில் பிடித்துக்கொள்ளும். கடிதத்தில் உள்ள தேதியும் நேரமும் நீங்கள் வண்டி வைத்திருந்த நேரத்துக்குள் வருகிறதா என்று சரிபார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.